பத்தாயிரம் பாஸ்கல் இருந்தும் கரைந்துபோன ஜெல்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு சிறிய ஆய்வுக் குழு, உடலுக்குள் ஊசி வழியே செலுத்தக்கூடிய ஒரு ஹைட்ரோஜெல்லை, அதாவது நிறையத் தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஜெல்லை, தேடிக்கொண்டிருந்தது. குளிர்ச்சியாக இருக்கும்போது தண்ணீர் மாதிரி ஓட வேண்டும், உடல் சூட்டில் தானாகக் கெட்டியாக வேண்டும், உள்ளே வைத்த மருந்தை ஏறத்தாழ இரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட வேண்டும். மருந்து ஒரு புரதம். அதனால் வேதிவினை மூலம் குறுக்கிணைப்பு போடும், அதாவது சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் ஜெல்களை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டார்கள், அந்த வினையில் புரதமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும் என்ற பயம், அது நியாயமான பயம்தான். மிச்சம் இருந்த வழி, தண்ணீரில் தாமாகவே கூடி ஜெல் ஆகும் பிளாக் கோபாலிமர்கள், அதாவது வெவ்வேறு வகைத் துண்டுகள் இணைந்த நீண்ட சங்கிலி மூலக்கூறுகள்.

குழுவில் பாலிமரைத் தயாரித்தது ஒரு ஆய்வு மாணவி. மருந்தியல் பக்கத்தை ஒரு மூத்த ஆய்வாளர் பார்த்துக்கொண்டார். ரியோமீட்டர் (ஜெல்லைத் தட்டுகளுக்கு இடையே வைத்து விறைப்பை அளக்கும் கருவி), எக்ஸ்-கதிர்ச் சிதறல் (உள்ளமைப்பைக் காட்டுவது) அளவீடுகள் என் பக்கம் வந்தன.

வேலை தொடங்கும் முன்பே ஒரு தகுதிப் பட்டியல் எழுதப்பட்டிருந்தது. அதில் ஒரு வரி: 37 டிகிரி செல்சியஸில் சேமிப்பு மாடுலஸ், அதாவது விறைப்பின் அளவு, 10 கிலோபாஸ்கலுக்குக் குறையக் கூடாது. ஏன் 10 என்று பட்டியலில் இல்லை. பேச்சில் வந்த காரணம், விறைப்பான ஜெல் சீக்கிரம் கலையாது, நாள் தாங்கும் என்பது. கேட்டால் சரியாகத்தான் படும். இந்த முழு விவகாரமும் அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் நடந்தது.

முதல் தேர்வும் அதில் கண்டதும்

முதலில் எடுத்தது புளூரோனிக் எஃப்127, மருந்துத் துறையில் பொலாக்சமர் 407 என்ற பெயரில் கிடைப்பது. நடுவில் பாலிப்ரொப்பிலீன் ஆக்சைடு, இரண்டு முனைகளிலும் பாலிஎத்திலீன் ஆக்சைடு என மூன்று துண்டுகள் சேர்ந்த சங்கிலி, மொத்த மூலக்கூறு எடை சுமார் 12,600. 407 என்ற எண்ணிலேயே விவரம் இருக்கிறது: முதல் இரண்டு இலக்கத்தை நூறால் பெருக்கினால் நடுத்துண்டின் எடை தோராயமாக 4,000, கடைசி இலக்கத்தைப் பத்தால் பெருக்கினால் எத்திலீன் ஆக்சைடின் பங்கு 70 சதவீதம்.

இதைக் கரைக்க வெந்நீர் வைத்தால் காரியம் கெட்டுவிடும். 4 டிகிரியில் வைத்து மெதுவாகக் கலக்கினால்தான் தெளிந்த திரவம் கிடைக்கும். மாணவி எடை அளவில் 20 சதவீதக் கரைசல் தயாரித்தார். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியைச் சாய்த்தால் தடையின்றி ஓடும், அறைச் சூட்டில் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றால் ஓட்டம் மந்தமாகும், அப்புறம் குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு இறங்காது, உள்ளே மாட்டிய காற்றுக்குமிழ் மிதந்து மேலே வராமல் இருந்த இடத்திலேயே நிற்கும். ரியோமீட்டரில் 37 டிகிரியில் மாடுலஸ் 12 கிலோபாஸ்கலை ஒட்டி வந்தது. பட்டியலில் டிக் போட்டாயிற்று.

பிறகு கரைதல் சோதனை. குப்பியின் அடியில் ஜெல், மேலே 37 டிகிரியில் பாஸ்பேட் பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் உப்புக் கரைசல்), குறிப்பிட்ட இடைவெளியில் மேல் திரவத்தை வடித்துவிட்டு எடை பார்ப்பது. ஜெல்லுக்கும் பஃபருக்கும் இடையே முதலில் கத்தியால் வெட்டியது போலக் கோடு தெரிந்தது. சில மணி நேரத்தில் கோடு மங்கி, கீழே இறங்கிக்கொண்டே போனது. மறுநாள் பார்த்தபோது குப்பியில் ஜெல் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. இரண்டு வாரம் எங்கே, ஒரு நாள் எங்கே!

அளவீட்டில் கோளாறா என்று பார்த்தது

முதல் சந்தேகம் ரியோமீட்டர் மேல் விழுந்தது, அதற்குக் காரணமும் இருந்தது. மாணவிக்கு 12 கிலோபாஸ்கல் வந்த அதே மாதிரிக்கு, இன்னொருவர் அளந்தபோது அதில் பாதிகூட வரவில்லை.

இதை அவிழ்க்க அதிக நேரம் ஆகவில்லை. மாணவி தட்டைக் குளிர்வித்து, மாதிரியைத் திரவமாக ஊற்றி, மேல்தட்டை இறக்கி, பிறகு சூடேற்றியிருந்தார். மற்றவர் அறைச் சூட்டில் ஏற்கெனவே கெட்டியான ஜெல்லைக் கரண்டியால் எடுத்து வைத்து மேல்தட்டால் அழுத்தியிருந்தார். இந்த வகை ஜெல் சில சதவீதத் திரிபிலேயே, அதாவது உருவம் அவ்வளவு மாறினாலே, விட்டுக்கொடுத்துவிடும். அழுத்தும்போதே அதன் அமைப்பு உடைகிறது, விளிம்பில் நிரம்பாத இடம் விழுகிறது, உள்ளே காற்று மாட்டுகிறது. போதாததற்கு வழுவழுப்பான தட்டில் ஜெல் வழுக்கும், அந்த வழுக்கலும் விறைப்புக் குறைவாகவே பதிவாகும். சொரசொரப்பான தட்டு, குளிர்ந்த நிலையில் ஊற்றுதல், ஓரத்தில் நீர் ஆவியாகாமல் ஒரு மூடி, அமைப்பு உடையாத நேர்கோட்டு எல்லைக்குள் இருக்கும்படி அரை சதவீதத்துக்கு மேல் போகாத திரிபு. இத்தனையும் செய்ததும் இருவருக்கும் ஒரே எண் வந்தது. 12 கிலோபாஸ்கல் உண்மைதான்.

ஆக, எண் சரி, ஜெல் விறைப்பு, ஆனாலும் ஒரு நாளில் காணாமல் போகிறது. இங்கேதான் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டியிருந்தது. எவ்வளவு விறைப்பு என்பதை விட்டுவிட்டு, விறைப்பு எங்கிருந்து வருகிறது என்று.

உள்ளே இருப்பது என்ன

சிறுகோண எக்ஸ்-கதிர்ச் சிதறலில் எஃப்127 ஜெல் கூர்மையான பல உச்சங்களைக் காட்டியது. அவற்றின் இடங்களை ஒப்பிட்டால் 3, 4, 8, 11 ஆகியவற்றின் வர்க்கமூல விகிதத்தில் விழுந்தன. உருண்டைகளை நெருக்கி அடுக்கும் முறைகளில் ஒன்றான முகமையக் கனசதுர அடுக்கின் கையெழுத்து அது. இங்கே உருண்டைகள் மைசெல்கள், அதாவது பல சங்கிலிகள் கூடிய நுண்ணிய கொத்துகள். அடுத்தடுத்த மைசெல்களின் மையங்களுக்கு இடையே 20 நானோமீட்டர் அளவில் தூரம்.

நடப்பது இதுதான். சூடேறும்போது ப்ரொப்பிலீன் ஆக்சைடு துண்டு தண்ணீரை விட்டு விலகி உள்ளே சுருண்டு கருவாகிறது, எத்திலீன் ஆக்சைடு முனைகள் வெளியே மயிர் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இப்படி உருவாகும் மைசெல்களின் எண்ணிக்கை ஏற ஏற, ஒரு கட்டத்தில் நகர இடமில்லாமல் படிகமாக அடுக்கிக்கொள்கின்றன. கடினக் கோளங்கள் கன அளவில் 49.4 சதவீதத்தில் உறையத் தொடங்கும், 54.5 சதவீதத்தில் முழுக்கப் படிகமாகிவிடும் என்பது தெரிந்த கணக்கு. இந்த மைசெல்களும் கிட்டத்தட்ட அதே விதிப்படி நடக்கின்றன. சூடாக்கினால் உருகுவதற்குப் பதில் உறைகிறதே என்ற இந்தத் தலைகீழ் நடத்தையை, இதே குடும்பத்துப் பாலிமர்களில் 1992இல் கெல் மோர்ட்டென்சனும் உடன் பணியாற்றியவர்களும் நியூட்ரான் சிதறல் மூலம் விளக்கினார்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தச் சங்கிலியில் தண்ணீரை வெறுக்கும் பகுதி நடுவில் ஒன்றே ஒன்றுதான். இரண்டு முனைகளுக்கும் தண்ணீர் பிடிக்கும். அதனால் எந்தச் சங்கிலியாலும் ஒரே நேரத்தில் இரண்டு மைசெல்களைப் பிடித்திருக்க முடியாது. பெட்டிக்குள் நெருக்கி அடுக்கிய பந்துகளைப் போன்ற நிலை: பெட்டி மூடியிருக்கும்வரை அசைக்க முடியாது, மூடியைத் திறந்தால் பந்தைப் பந்தோடு கட்டியிருக்கும் கயிறு எதுவும் கிடையாது.

மேலே ஊற்றிய பஃபர்தான் திறந்த மூடி. கணக்குப் போட்டால் நிலைமை இன்னும் தெளிவாகும். உடல் சூட்டில் எஃப்127 ஜெல்லாக நிற்கக் குறைந்தபட்சம் 15 சதவீதத்தை ஒட்டித் தேவை. 20 சதவீத ஜெல் 1 கிராம் என்றால் அதில் பாலிமர் 0.2 கிராம். அதை 15 சதவீதத்துக்கு இறக்க 0.33 கிராம் தண்ணீர் போதும்! சுற்றிலும் தண்ணீர் இருக்கும் இடத்தில் அந்த அளவு கிடைக்காமலா போகும். மேல் திரவத்தை எடுத்து ஒளிச்சிதறலில் பார்த்தபோது 20 நானோமீட்டர் விட்டத்தை ஒட்டிய துகள்கள் மிதந்தன, அதாவது மைசெல்கள் முழுசு முழுசாகவே கிளம்பிப் போயிருந்தன. சிதைவு எதுவும் இல்லை, வெறும் கரைதல்தான்.

இந்தப் படத்தைப் பார்த்த பிறகும் விறைப்புக் குறைந்தால்தான் கரையும் என்ற எண்ணம் குழுவில் முழுசாகப் போகவில்லை. அடுத்த முடிவில் அது தெரிந்தது.

முதல் முடிவு: செறிவைக் கூட்டுவது

மூத்த ஆய்வாளர் 25, 30 சதவீதம் போய்ப் பார்க்கலாம் என்றார். அவர் பக்கத்து நியாயம் இதுதான்: எஃப்127 பல ஆண்டுகளாக மருந்துகளில் பயன்படும் பொருள், அதன் பாதுகாப்புப் பற்றி நிறையத் தெரியும், புதுப் பாலிமருக்குப் போனால் அந்த வசதி போய்விடும். இதை லேசாகத் தள்ள முடியாது, நானும் செய்து பார்க்கட்டும் என்றுதான் சொன்னேன்.

மாடுலஸ் ஏறியது. கரையும் நேரமும் கொஞ்சம் நீண்டது, ஆனால் நாள்கணக்கில் இழுத்ததே தவிர வாரக்கணக்கை எட்டவில்லை. கூடவே ஜெல் ஆகும் வெப்பநிலை இறங்கிக்கொண்டே வந்தது. 30 சதவீதத்தில் ஊசியை நிரப்பி எடுத்துப் போவதற்குள் குழலிலேயே கெட்டிப்பட்டது. பஃபரில் இருக்கும் உப்பு அந்த வெப்பநிலையை இன்னும் சில டிகிரி கீழே தள்ளியது. தண்ணீரில் கரைத்து அளந்த எண்களை நம்பிப் பஃபரில் தயாரித்தால் இந்த இடத்தில் இடிக்கும்.

இரண்டாவது முடிவு: துண்டுகளின் வரிசையைத் திருப்பிப் போடுவது

மாணவிதான் இதைக் கேட்டார்: "பிடிக்கும் துண்டு முனையில் இருந்தால் என்ன ஆகும்?" கேள்வி சின்னதாக இருந்தாலும் குறி தவறவில்லை. நடுவில் எத்திலீன் ஆக்சைடு, இரண்டு முனைகளிலும் பாலிலாக்டிக் அமிலம். இப்போது சங்கிலிக்கு இரண்டு வழி உண்டு. இரண்டு முனைகளையும் ஒரே மைசெல்லுக்குள் செருகி வளையமாக மடங்கலாம், அல்லது ஒரு முனையை இங்கேயும் மறுமுனையைப் பக்கத்து மைசெல்லிலும் செருகிப் பாலமாக நிற்கலாம். பாலங்கள் போதுமான அளவு இருந்தால் மைசெல்கள் வலையாகிவிடும், தண்ணீர் உள்ளே வந்தாலும் வலை ஊறுமே ஒழிய அவிழாது.

நடுத்துண்டு 9,000 அளவில், மொத்தம் 13,000 அளவில் இருந்த பாலிமரை எடுத்து 16 சதவீதத்தில் ஜெல் செய்தார்கள். லாக்டிக் துண்டுக்கு மூலப்பொருளான லாக்டைடுக்கு எல், டி என்று கண்ணாடிப் பிம்பம் போன்ற இரண்டு வடிவங்கள் உண்டு. எல்-லாக்டைடு கொண்டு செய்தது ஒன்று, எல், டி இரண்டும் கலந்தது இன்னொன்று. கலந்த வகையில் லாக்டிக் துண்டு படிகமாகாது, மாடுலஸ் குறைவு. எல் வகையில் அந்தத் துண்டுகள் படிகமாகி, முனைகள் கூடும் சந்திப்புகளை இறுக்கிவிடும், அதன் மாடுலஸ் 11 கிலோபாஸ்கல் வந்தது.

இந்த 11ஐப் பார்த்ததும் எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. ஏனென்றால் பட்டியலின் கண்ணுக்கு 12ம் 11ம் ஒன்றுதான். சிதறல் படத்தில் இரண்டும் வேறு உலகம்: எஃப்127இல் வரிசையாகக் கூர்மையான உச்சங்கள், இதில் ஒரே ஒரு அகலமான மேடு, அடுக்கு ஒழுங்கு என்று சொல்ல எதுவும் இல்லை. விறைப்பு வரும் வழியும் வேறு. எல்லாச் சங்கிலியும் பாலமாக நின்றால் என்ன வரும் என்று ரப்பர் கோட்பாட்டின்படி தோராயமாகக் கணக்கிடலாம். லிட்டருக்கு 160 கிராம், ஒரு மோல் 13,000 கிராம் என்றால் கனமீட்டருக்கு 12 மோல் சங்கிலி. 37 டிகிரியில் ஒரு மோலுக்கு வெப்ப ஆற்றல் சுமார் 2,580 ஜூல். பெருக்கினால் 31 கிலோபாஸ்கல். கிடைத்தது 11. மூன்றில் ஒரு பங்கு போலப் பாலம், மற்றவை வளையம் என்று வைத்துக்கொள்ளலாம். சந்திப்புகள் படிகமாக இருக்கும்போது இந்தக் கணக்கு கொஞ்சம் முரட்டுத்தனமானதுதான், ஆனால் எந்த அளவில் நிற்கிறோம் என்று காட்டப் போதும்.

கரைதல் சோதனையில் ஜெல் ஊறிப் பெருத்தது, எடை கூடியது, அப்புறம் அப்படியே நின்றது. ஊறியதால் மாடுலஸ் இறங்கியது, ஆனால் ஜெல் இருந்தது. இரண்டு வாரம் கழித்தும் இடுக்கியால் தூக்க முடிந்தது.

ஆனாலும் இது ஊசி வழியே போகவில்லை. குளிர்வித்தாலும் லாக்டிக் முனைகள் சந்திப்பை விட்டு வெளியே வருவதில்லை, அதனால் திரவமாகும் நிலையே கிடையாது. கலப்பதற்கே சூடும் நீண்ட நேரமும் தேவைப்பட்டது, புரதத்துக்கு அது ஆகாது. முன்கூட்டியே அச்சில் வார்த்து வைக்கும் பொருளுக்கு இது அருமையான ஜெல், இந்த வேலைக்கு இல்லை.

மூன்றாவது முடிவு: பட்டியலின் வரியை எடுப்பது

இந்த இடத்தில் நடந்த விவாதம் நீண்டது, சூடாகவும் இருந்தது. தேவை என்ன என்று மறுபடி எழுதச் சொன்னேன். ஜெல் இருக்கப்போகும் இடத்தில் சுமை எதுவும் இல்லை, எதையும் தாங்க வேண்டியதில்லை. அப்படியானால் 10 கிலோபாஸ்கல் எதற்கு? நாள் தாங்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட வரி, நாள் தாங்குவதை அளக்கவே இல்லை என்று எஃப்127 காட்டிவிட்டது. மூத்த ஆய்வாளர் ஒப்புக்கொண்டார், ஆனால் எண்ணே இல்லாமல் விட முடியாது என்றார். அதுவும் சரிதான். வரி இப்படி மாறியது: அளவுக்கு மிஞ்சிய பஃபரில், 37 டிகிரியில், 14 நாள் கழித்து ஜெல்லின் உலர் எடையில் பாதிக்குக் குறையாமல் மிஞ்சியிருக்க வேண்டும்.

அந்த வரியை எடுத்ததும் முன்பு பார்வைக்கே வராத ஒரு பாலிமர் உள்ளே வந்தது: நடுவில் 1,000 எடையுள்ள எத்திலீன் கிளைகால் துண்டு (முன்பு சொன்ன எத்திலீன் ஆக்சைடு சங்கிலிக்கே இன்னொரு பெயர்), இரு முனைகளிலும் லாக்டிக்-கிளைகாலிக் கோபாலிமர், தலா 1,500. லாக்டிக் அமிலத் துண்டு கொண்ட, சூட்டில் ஜெல்லாகும் ஊசிவழிப் பாலிமர்கள் 1997 முதலே ஆய்வில் இருக்கின்றன, ஆகவே பாதுகாப்புப் பற்றிய கவலையும் ஓரளவு அடங்கியது.

இதைக் கையாள்வது பொறுமையைச் சோதிக்கும். தேன் பதத்தில் இழுபடும், எடை போடக் கரண்டியில் எடுத்தால் பாதி கரண்டியோடே தங்கும். குளிரில் கரைய ஓரிரு நாள் பிடிக்கும். 25 சதவீதக் கரைசல் குளிரில் ஊசி வழியே சுலபமாகப் போனது, 37 டிகிரியில் வெண்மையாக மங்கிக் கெட்டியானது. மாடுலஸ் சில நூறு பாஸ்கல்தான். பழைய பட்டியலின்படி முதல் சுற்றிலேயே வெளியே போயிருக்கும்.

அது பஃபரில் நின்றது. இது நிற்பதன் காரணம் மேலே சொன்ன இரண்டும் அல்ல என்பதையும் குறித்துவைக்க வேண்டும். இதன் முனைத் துண்டுகள் குட்டை, அதனால் சந்திப்பிலிருந்து எளிதாக வெளியேறும், பாலங்கள் நிரந்தரமானவை இல்லை. ஆனால் 37 டிகிரியில் மொத்தப் பாலிமருக்குமே தண்ணீர் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. மைசெல்கள் ஒன்றையொன்று விலக்குவதற்குப் பதில் இழுத்துக்கொள்கின்றன. கூடுதல் தண்ணீர் வந்தால் அதைக் குடித்து நீர்த்துப்போகாமல், தன் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு தனியாக நிற்கிறது. எஃப்127 மைசெல்கள் அப்படியே எதிர்மாறு, எவ்வளவு தண்ணீர் கொடுத்தாலும் பரவிப் போகும்.

விளைவு

புதிய வரியை அந்த ஜெல் தாண்டியது. இரண்டு வாரம் கழித்தும் குப்பியின் அடியில் சுருங்கிய வெள்ளைக் கட்டியாக இருந்தது, அதன் பிறகு முனைத் துண்டுகளின் எஸ்டர் இணைப்புகள் நீராற்பகுப்பில், அதாவது தண்ணீரோடு வினைபுரிந்து, அறுந்து மெதுவாகக் கரைந்தது. மருந்து வெளியீட்டில் முதல் நாளில் ஒரு வேகமான பாய்ச்சல் இருந்தது, கெட்டியாகும்போது பிழியப்பட்ட தண்ணீரோடு புரதமும் வந்ததுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். அதற்குப் பின் வேகம் அடங்கியது.

பெரிய சிக்கல் கடைசியில் தெரிந்தது. லாக்டிக், கிளைகாலிக் துண்டுகள் சிதையும்போது அமிலம் வருகிறது, ஜெல்லின் உள்ளே அமிலத்தன்மை ஏறுகிறது. பிற்பகுதியில் வெளிவந்த புரதத்தில் ஒரு பங்கு செயலிழந்திருந்தது. முதலில் குறுக்கிணைப்பைத் தவிர்த்ததே புரதத்தைக் காக்கத்தான் என்பதால், இதைச் சின்ன விஷயம் என்று விட யாருக்கும் மனம் வரவில்லை. சிதைவு மெதுவாக நடக்க, முனைத் துண்டில் கிளைகாலிக் பங்கைக் குறைத்த பாலிமர்களை மாணவி இப்போது தயாரிக்கிறார்.

அடுத்த முறை மாற்றுவது

கரைதல் சோதனையை ரியோமீட்டருக்கு முன்னால் வைக்க வேண்டும். ஒரு குப்பி, பஃபர், ஒரு தராசு போதும், ஒரு நாளில் எஃப்127 விவகாரம் முழுக்கத் தெரிந்திருக்கும். ரியோமீட்டர் மூடிய அமைப்பில் அளக்கிறது, அங்கே கூடுதல் தண்ணீருக்கு வழியே இல்லை, ஜெல் போகும் இடத்தில் தண்ணீருக்குக் குறையே இல்லை. அதே காரணத்தால், மாடுலஸ் தேவைப்படும் வேலைகளிலும் பஃபரில் ஊறிய பிறகு இன்னொரு முறை அளப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறோம்.

பாலிமரைத் தேர்ந்தெடுக்கும் முன் காகிதத்தில் சங்கிலியை வரைந்து, தண்ணீரை வெறுக்கும் துண்டு நடுவிலா முனைகளிலா என்று பார்ப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. நடுவில் என்றால் அடுக்கு மட்டும்தான், பாலம் கிடையாது. முனைகளில் என்றால் பாலம் வரலாம், அப்போது அந்த முனை எவ்வளவு நீளம், படிகமாகுமா, குளிரில் வெளியே வருமா என்று கேட்க வேண்டும்.

தகுதிப் பட்டியலில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எதற்காக என்று எழுத ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் வரி செல்லாது. அமில விவகாரத்துக்கான வரியை மூத்த ஆய்வாளரே எழுதினார்: 14ஆம் நாள் ஜெல்லுக்குள்ளிருந்து எடுத்த புரதத்தின் செயல்திறன். பக்கத்துக் கட்டத்தில் காரணமும் இருக்கிறது. அந்த எண் எவ்வளவு என்பது இன்னும் முடிவாகவில்லை, புதிய பாலிமர்களின் முதல் தொகுதி முடிந்ததும் பேசுவதாக இருக்கிறோம்.